வீட்டு ஃபயர்வால் பெட்டிக்கு எந்த ஓஎஸ் போடலாம்? (பாளையங்கோட்டை, 100 எம்பிபிஎஸ் ஃபைபர், பழைய டெஸ்க்டாப்)

சமாதானபுரம் எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி. போர்டில் ஒரு ரியல்டெக் போர்ட் இருக்கிறது, அது போக ரிச்சி ஸ்ட்ரீட் போன நண்பனிடம் சொல்லி வாங்கிய இரண்டு போர்ட் இன்டெல் கார்டு ஒன்று. இதை வீட்டு நெட்டுக்கு ஃபயர்வாலாக ஆக்கிவிடலாம் என்று கிளம்பினேன், எந்த ஓஎஸ் போடுவது என்பதிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது.

வீட்டு நிலவரம் இதுதான். லோக்கல் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர், அவர் கொடுத்த ஓஎன்டி டப்பாதான் (ஃபைபர் வந்து முடியும் மோடம்) வைஃபையும் கொடுக்கிறது, உள்ளே பிபிபிஓஇ லாகின் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டில் இணையும் முறை). என் ஆபீஸ் லேப்டாப், டிவி, அப்பா அம்மா போன்கள், மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்த வைஃபை, வாசலிலும் கொல்லையிலுமாக நாலு கேமராவுக்கு ஒரு டிவிஆர், எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் குழம்பிக் கிடக்கின்றன. டிவிஆர் மாட்டிய தம்பி பாஸ்வேர்டு மறந்துவிடக் கூடாது என்று அதன் மூடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என்ன பாஸ்வேர்டு என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம், ஆறு இலக்கம், வரிசையாக வரும்.

எனக்கு வேண்டியது: டிவிஆரைத் தனியே ஒதுக்க வேண்டும், மாடி வைஃபையைப் பிரிக்க வேண்டும், விளம்பரங்களைத் தடுக்க வேண்டும். அப்புறம், மாதத்தில் ஒரு வாரம் ஆபீஸ் வேலையாக பெங்களூர் போய்விடுவேன், அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர முடிய வேண்டும். லினக்ஸ் தினமும் கையாள்கிறேன், யூனிக்ஸ் வழி வந்த இன்னொரு குடும்பமான பிஎஸ்டி பக்கம் போனதில்லை. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஓபன்பிஎஸ்டி, ஓபன்டபிள்யூஆர்டி, ஐபிஃபயர் என்று எல்லா வீடியோவும் பார்த்தாயிற்று, ஒவ்வொன்றும் அதுவே சிறந்தது என்கிறது. "உங்களுக்கு எது பிடிக்குமோ அது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்பை_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, முதலில் அந்த டெஸ்க்டாப்பை விடுங்கள். ஓஎஸ் கதை அப்புறம்.

என் வீட்டில் இதே மாதிரி ஒரு பெட்டியைத்தான் நானும் ஓட்டினேன். ஒருநாள் பிளக் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், சும்மா இருக்கும்போதே 55 வாட். நாளைக்கு 1.32 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 79 யூனிட். அப்போது அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தந்த 100 யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் இந்த ஒரு பெட்டியே தின்றுவிட்டது. கோடையில் ஏசியும் ஓடி 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி வேறு மாறும். இப்போது இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி, விசிறி கிடையாது, நாலு இன்டெல் போர்ட், சுமார் 10 வாட், இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்தான். இன்னொன்றும் உண்டு, 55 வாட் டெஸ்க்டாப்பை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி எத்தனை மணி தாங்கும் என்று பாருங்கள். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலை 9 மணிக்கு எடுத்தால் சாயங்காலம்தான் தருகிறார்கள்.

சரி, ஓஎஸ். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் அண்ணன் தம்பி. இரண்டுக்கும் மூலம் மோனோவால் என்று ஒன்று. அதிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, பிஎஃப்சென்ஸிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. அடுத்த மாதமே மோனோவாலை எழுதிய மானுவல் காஸ்பர் கடையைச் சாத்திவிட்டு, தன் ஆட்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். இரண்டுக்கும் அடியில் ஃப்ரீபிஎஸ்டிதான். வீட்டுக்கு வேண்டிய வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓபிஎன்சென்ஸ் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பெரிய வெளியீடு போடுகிறது. திரைகள் எனக்குப் புரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். நான் அதில்தான் இருக்கிறேன்.

ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் போர்ட்டை நம்பி வான் பக்கம் (வெளி நெட் வரும் பக்கம்) வைக்காதீர்கள். ஓபிஎன்சென்ஸில் அதற்கென்றே தனி டிரைவர் பிளகின் வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே நிலைமை தெரியும். உங்கள் இன்டெல் கார்டு போதும்.

இப்போது முக்கியமான விஷயம். நிறுவும்போது கோப்பு முறைமை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் விதம்) யூஎஃப்எஸ்-ஆ இசட்எஃப்எஸ்-ஆ என்று கேட்கும். நான் முதல் தடவை யோசிக்காமல் யூஎஃப்எஸ் கொடுத்துவிட்டேன். ஒரு ஐப்பசி மழையில் நாலைந்து தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது, இன்வெர்ட்டர் அன்றைக்குப் பார்த்து தண்ணீர் வற்றிக் கிடந்தது. நான் மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலிருந்து போன், நெட் வரவில்லை, பையனுக்கு நாளைக்கு ஏதோ சமர்ப்பிக்க வேண்டுமாம். பெட்டியை டிவியில் மாட்டச் சொன்னேன். என் மனைவி டிவியில் தெரிவதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், "எண்டர் ஃபுல் பாத்நேம் ஆஃப் ஷெல்..." அவ்வளவுதான், எனக்குப் பாயசம் இறங்கவில்லை. டிஸ்கைப் பழுதுபார்க்கும் கட்டளையை எஃப், எஸ், சி, கே, அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஒய் என்று நான் சொல்ல, "எந்தக் கோடு, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா" என்று அவள் கேட்க, பக்கத்து இலைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது நிமிஷம். கடைசியில் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய அன்றே இசட்எஃப்எஸ் போட்டு மறுபடி நிறுவினேன். இசட்எஃப்எஸ் பழைய தரவின் மேல் எழுதாது, புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் சுட்டியை மாற்றும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் கடைசியாகச் சரியாக இருந்த நிலை அப்படியே நிற்கும். அதன் பிறகு அந்தக் கல்யாணக் கதை திரும்பவில்லை.

வள்ளியூர்_காற்று எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கரண்ட் கணக்கு சரி. மற்றபடி லினக்ஸில் தினமும் புழங்குகிற ஒருவருக்கு மவுஸால் சொடுக்கிச் சொடுக்கி விதி எழுதுகிற வேலை எதற்கு என்பது என் கேள்வி. ஓபன்பிஎஸ்டி போடுங்கள்.

அண்ணாச்சி சொன்ன அந்த இரண்டுக்கும் உள்ளே இருக்கிற பிஎஃப் என்கிற வடிகட்டி பிறந்த வீடே ஓபன்பிஎஸ்டிதான். அதற்கு முன் ஐபிஃபில்டர் என்று வேறு ஒன்றை வைத்திருந்தார்கள், உரிமத்தில் தகராறு வந்ததும் தூக்கிவிட்டு, டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃபை 2001 டிசம்பரில் 3.0 பதிப்போடு கொண்டுவந்தார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் இருப்பது அதிலிருந்து எடுத்துப்போன கிளை, அப்புறம் இரண்டும் வேறு வேறு திசையில் வளர்ந்துவிட்டன, எழுதும் முறை கூட ஒன்றில்லை.

என் வீட்டு விதிக் கோப்பு மொத்தம் 31 வரி, குறிப்புரைகளையும் சேர்த்து. முதல் வரி எல்லாவற்றையும் தடு. அப்புறம் வீட்டுப் பக்கத்திலிருந்து வெளியே போவதை விடு. டிவிஆர் இருக்கும் விலேனிலிருந்து (தனியே பிரித்த நெட்வொர்க்) எதையும் விடாதே, வீட்டுப் பக்கத்திலிருந்து டிவிஆருக்குப் போவதை மட்டும் விடு. வெளியூரிலிருந்து பத்திரமாக உள்ளே வர வயர்கார்டு விபிஎன்-இன் போர்ட்டைத் திற. முடிந்தது. ஒரு காகிதத்தில் அச்சடித்து பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள், பிஎஃபில் கடைசியாகப் பொருந்துகிற விதிதான் செல்லும், "குயிக்" என்று போட்டால் மட்டும்தான் அங்கேயே தீர்ப்பு. ஓபிஎன்சென்ஸ் திரையில் எழுதும் விதிகளுக்கு அது தானாகவே போட்டுக்கொள்கிறது, அதனால் அங்கிருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். விதியை ஏற்றும் முன் பிஎஃப்சிடிஎல் கட்டளையை "என்" சேர்த்து ஓட்டினால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும், ஏற்றாது. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளாமல் ஒருநாள் வெளியூரிலிருந்து நானே என்னை வெளியே பூட்டிக்கொண்டேன்.

தளப் பெயரை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ்-க்கு அன்பவுண்ட், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி, வயர்கார்டு எல்லாம் அடிப்படை நிறுவலிலேயே வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு, கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டும்தான் ஒட்டுப்போடுவார்கள், அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும், சிஸ்அப்கிரேடு என்று ஒரு கட்டளை, காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். பிபிபிஓஇ-யில் எட்டு பைட் போய்விடுவதால் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492 ஆகிவிடும், டிசிபி-க்கு அதிகபட்சத் துண்டு (எம்எஸ்எஸ்) 1452 என்று நீங்களே ஒரு வரி எழுத வேண்டும். அதை மறந்தால் சில தளங்கள் திறக்கும், சில சுற்றிக்கொண்டே இருக்கும், ஆபீஸ் விபிஎன் இணைந்த மாதிரி காட்டும் ஆனால் ஒன்றும் நகராது, ஒரு வாரம் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் இசட்எஃப்எஸ் கிடையாது, இருக்கிற கோப்பு முறைமைக்கு ஜர்னலும் (எழுதும் முன் குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. கரண்ட் போனால் எஃப்எஸ்சிகே ஓடும், பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு ஏறிவிடும், எப்போதாவது ஆள் கேட்கும். எங்கள் ஊரில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தாலும் வீட்டுக்கு வருகிற கரண்ட் அப்படி இல்லை, அதனால் என் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று தனியே கொடுத்திருக்கிறேன். ஓஎன்டிக்கு ஒன்று, இதற்கு ஒன்று.

பேட்டை_ரஸ்தா எழுதியது:

லினக்ஸ் தெரிந்த ஆள் என்கிறார், ஆளுக்கொரு பிஎஸ்டியைக் கட்டி வைக்கிறீர்கள். டெபியன் போட்டு லினக்ஸின் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸில் விதி எழுதினால் சோலி முடிந்தது. 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து அதுதான் இயல்பிருப்பு. ரியல்டெக் போர்ட்டும் ஓடும். ஐபிஃபயர் வேண்டாம், சிவப்பு பச்சை நீலம் என்று வலயம் பிரிப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) கிடையாது.

அம்பை_அண்ணாச்சி எழுதியது:

ரஸ்தா, நீங்கள் வீட்டில் இருக்கும்வரை டெபியன் சரிதான். அவர் மாதத்தில் ஒரு வாரம் பெங்களூரில். அந்த ஒரு வாரத்தில்தான் கரண்ட் போகும்.

சமாதானபுரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சியின் பாயசக் கதையை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆக, டிவியில் மாட்டி எதையும் வாசிக்கச் சொல்கிற நிலைமை வரவே கூடாது என்பது முதல் நிபந்தனையாகிவிட்டது.

இன்னொரு சிக்கல். நேற்று ஓஎன்டி பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வான் முகவரி 100.7 என்று தொடங்கி என்னவோ காட்டுகிறது. வெளியே தெரியும் முகவரி வேறு. போர்ட் ஃபார்வர்டு போட்டுப் பார்த்தேன், பெங்களூர் நண்பனால் தொட முடியவில்லை. இது சிஜிநேட்தானே? அப்படியானால் வயர்கார்டு கனவு அவ்வளவுதானா?

டவுன்_ரதவீதி எழுதியது:

நேரம் கிடைக்கும்போது எழுதலாம் என்று இருந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

100.7 என்றால் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும். 100.64-லிருந்து 100.127 வரை சிஜிநேட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கிய தொகுதி, உங்களுடையது எழுபத்து சொச்சம் என்றால் ஆம், அதுதான். தெருவில் இருக்கிற பல வீடுகள் ஒரே வெளி முகவரியில். ஐபிவி4 வழியாக உள்ளே யாரும் வர முடியாது, நீங்களும் வர முடியாது. இதில் எந்த ஓஎஸ் போட்டாலும் ஒன்றுதான், அதனால் ஓஎஸ் தேர்வில் இதை இழுக்காதீர்கள். வழி இரண்டு. ஒன்று, ஆபரேட்டர் ஐபிவி6 கொடுக்கிறாரா என்று பாருங்கள், கொடுத்தால் அதன் வழியாக வயர்கார்டு நேரே வரும், பெங்களூரில் உங்கள் போன் டேட்டாவில் ஐபிவி6 இருந்தால் போதும், ஆபீஸ் வைஃபையில் இருக்காது. இரண்டு, வெளி முகவரி உள்ள ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டுப் பெட்டி அதை நோக்கிப் போய் இணைந்து 25 விநாடிக்கு ஒருமுறை "இருக்கேன்" என்று தட்டிக்கொண்டே இருக்கும்படி வைப்பது. நீங்கள் பெங்களூரிலிருந்து அந்த விபிஎஸ்-க்கு வந்து அங்கிருந்து வீட்டுக்கு இறங்குவீர்கள். எனக்கு இரண்டாவதுதான் நிம்மதி.

கேபிள்காரரிடம் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) போட்டுத் தரச் சொல்லுங்கள். முதலில் முடியாது என்பார், பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் விலேன் எண்ணும் மட்டும் கொடுங்கள் என்று இரண்டாம் தடவை கேட்டால் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் நேட்டுக்குள் நேட்டாக (முகவரி மாற்றும் வேலை இரண்டு டப்பாவிலும்) ஓடும், ஓடாமல் இல்லை, கோளாறு வந்தால் எந்த டப்பாவில் என்று தேடுவதுதான் நொம்பலம்.

ஓஎஸ்-க்கு வருகிறேன். உங்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி. 100 எம்பிபிஎஸ் வீட்டுக்கு என்100 கூட அதிகம் என்பேன், ஓபன்டபிள்யூஆர்டி ஏறுகிற நல்ல வைஃபை ரூட்டர் ஒன்று போதும், பத்து வாட்டுக்கும் உள்ளே, 12 வோல்ட், மினி யுபிஎஸ் நேரே மாட்டலாம், வைஃபையும் அதிலேயே. ஓபிஎன்சென்ஸ் போட்டால் வைஃபைக்குத் தனி ஆக்சஸ் பாயின்ட் வாங்க வேண்டும், பிஎஸ்டி பக்கம் வைஃபை டிரைவர்கள் அவ்வளவுதான். 2004-இல் லின்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்கிற ரூட்டரின் மூல நிரலை வைத்துத் தொடங்கிய திட்டம் இது, பெயரில் இருக்கிற டபிள்யூஆர்டி அதுதான், 2016-இல் சண்டை போட்டு இரண்டாகப் பிரிந்து 2018-இல் மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் கரண்ட்தான். இதில் ஓஎஸ் இருக்கும் பகுதி ஸ்குவாஷ்எஃப்எஸ், எழுதவே முடியாத பகுதி. நீங்கள் செய்யும் மாற்றங்கள் அதன் மேல் ஒரு மெல்லிய தகடு மாதிரி தனியே உட்காருகின்றன, பதிவுகள் எல்லாம் ரேமில், ஆக சும்மா ஓடும்போது ஃபிளாஷில் அநேகமாக எதுவுமே எழுதப்படுவதில்லை. எழுதாத இடத்தில் கரண்ட் போனால் என்ன கெடப் போகிறது. மேல் தகடு குழம்பிப்போனாலும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது மட்டும் கழன்று பழையபடி வந்துவிடும். அமைப்புகள் மொத்தமும் சில கிலோபைட் கோப்பு, அதை உங்கள் மெயிலில் போட்டு வைத்துக்கொள்ளலாம். இதன் மறுபக்கம், பெட்டி தானே அணைந்து எழுந்தால் ஏன் என்று பார்க்கப் பதிவு இருக்காது, வேண்டுமானால் வேறொரு மெஷினுக்கு அனுப்பி வையுங்கள்.

எங்கள் தெருவில் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கரண்ட் எப்போது போனது எப்போது வந்தது என்று கணக்கே இல்லை. நான் அப்போது சென்னையில் மாட்டிக்கொண்டேன், ரயிலே இல்லை. தண்ணீர் வடிந்து லைன் சரியானதும் ஒரு காலையில் என் போனில் வீட்டுப் பெட்டி வந்துவிட்டது என்று தகவல் வந்தது, யாரும் அதைத் தொடக்கூட இல்லை, அம்மா எழுந்திருப்பதற்கு முன்பே நான் கேமராவில் திண்ணையைப் பார்த்துவிட்டேன், மேல்படி வரை சேறு.

வாங்கும்போது ஒரு விஷயம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் வி1, வி2, வி3 என்று இருக்கும், உள்ளே சிப்பே வேறாக இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள பட்டியலில் அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் என்பதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அளவு, 128-ம் 256-ம் இருப்பதாகப் பாருங்கள். நான் அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்கி ஒருமுறை ஏமாந்து, அந்த ரூட்டர் இப்போது என் மச்சினன் வீட்டில் வெறும் சுவிட்சாக உழைக்கிறது.

அப்புறம் டிவிஆர். உங்கள் கேள்வியில் உண்மையான ஆபத்து அது ஒன்றுதான், மற்றதெல்லாம் வசதி. 2016-இல் மிராய் என்று ஒரு புழு இதே மாதிரி டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் பிடித்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளின் ஒரு சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கில். அந்த அக்டோபரில் டைன் என்கிற டிஎன்எஸ் நிறுவனத்தை அடித்து, அமெரிக்காவில் பாதி தளங்கள் திறக்கவில்லை. சிஜிநேட் இருப்பதால் வெளியிலிருந்து நேரே வர முடியாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், மாடி வீட்டுப் பையன் போனில் எதையாவது ஏற்றி வைத்திருந்தால் அது உள்ளேதான் இருக்கிறது. மூடியில் எழுதியிருக்கிற பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், ஓஎஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிவிஆரைத் தனி விலேனில் போட்டு இன்டர்நெட்டை முழுக்க அடைத்துவிடுங்கள். அப்பா போன் ஆப்பில் கேமரா பார்க்கிறார் என்றால் அந்த ஆப் தயாரிப்பாளரின் கிளவுட் வழியாகச் சுற்றித்தான் வரும், அது நின்றுவிடும், வீட்டுக்குள் இருக்கும்போது டிவிஆர் முகவரியை ஆப்பில் நேரே கொடுத்துப் பார்க்க வையுங்கள், வெளியே இருந்து வயர்கார்டு. இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நீங்கள் கெடுத்ததாக ஆகும்.

வள்ளியூர்_காற்று எழுதியது:

ரதவீதி அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், சமாதானபுரம், உங்கள் வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் ஆசைக்கு அந்த டெஸ்க்டாப்பில் ஓபன்பிஎஸ்டி போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஎஃப் எழுதிப் பாருங்கள். நெட் அதை நம்பி இல்லாதபோது விளையாடுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

சமாதானபுரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஓபன்டபிள்யூஆர்டிதான். ஸ்டிக்கர் எண் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்க மூன்று பெட்டியைத் திருப்பிப் பார்த்து, 256 எம்பி ரேம் உள்ள ஒரு ரூட்டர் வாங்கினேன். பிரிட்ஜ் மோடு இரண்டாம் தடவை கேட்டதும் கிடைத்தது, சொன்ன மாதிரியே. வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, டிவிஆருக்கு ஒன்று என்று மூன்று வலயம். பிபிபிஓஇ-யின் எம்எஸ்எஸ் வேலையை வான் வலயத்தில் அதுவே செய்துகொள்கிறது, வள்ளியூர்க்காரர் பயமுறுத்தியது போல எதுவும் ஆகவில்லை. விளம்பரத் தடுப்பு ஒரு பொதி போட்டதும் ஓடுகிறது. எஸ்க்யூஎம் (நெட் நெரிசலில் வரிசையைச் சீராக்குவது) போட்டு அதில் கேக் என்கிற முறையைத் தேர்ந்தெடுத்து 90 எம்பிபிஎஸ் என்று கட்டினேன், அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பெரிய ஃபைல் ஏற்றினாலும் என் மீட்டிங்கில் குரல் உடையவில்லை. கேட்டிராத ஒன்று கிடைத்தது.

பரிசோதனையை அப்பாவிடம் விட்டேன். மினி யுபிஎஸ்-ஐக் கழற்றிவிட்டு, சுவிட்சை அவரே பத்துத் தடவை பட்டென்று அணைத்துப் போட்டார், நடுவில் இரண்டு தடவை அது ஏறிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று அணைத்தார், மனிதருக்கு அதில் ஒரு சந்தோஷம். பத்துத் தடவையும் வந்தது.

இரண்டு குறை. ஒன்று, கரண்ட் போய் வந்தால் நெட் உடனே வருகிறது, ஆனால் விபிஎஸ்-க்குப் போகும் வயர்கார்டு சில சமயம் பத்து நிமிஷம் வரை இணைவதில்லை. இரண்டு, டிவிஆரின் கடிகாரம் தப்பாக ஓடுகிறது, நேற்று இரவு பூனை மதில் தாண்டியதை மத்தியானம் 2 மணி என்று காட்டுகிறது. அப்பா இதைத்தான் பெரிய குற்றமாகச் சொல்கிறார்.

டவுன்_ரதவீதி எழுதியது:

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், நேரம்.

ரூட்டரில் டெஸ்க்டாப் மாதிரி கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எப்போது என்று பார்த்து அந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், அது போன வாரமாகக்கூட இருக்கலாம். வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை வைக்கிறது, விபிஎஸ் பக்கம் ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால் பழைய பொட்டலத்தை யாரோ திரும்ப அனுப்புகிறார்கள் என்று தூக்கிப்போட்டுவிடும். நேரம் சரியாகும்வரை சண்டைதான். உங்கள் பெட்டி டிஎன்எஸ்-ஐ டிஎல்எஸ் என்கிற மறையாக்கம் வழியாகக் கேட்கிற மாதிரி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நேரம் தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று அதுவும் நிற்கும், டிஎன்எஸ் இல்லாமல் நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் பெயரைத் தேட முடியாது, நேரம் கிடைக்காது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். என்டிபி பட்டியலில் பெயர்களோடு ஒரு சர்வரை எண் முகவரியாகவே சேர்த்துவிடுங்கள். மினி யுபிஎஸ்-ஐத் திரும்ப மாட்டினீர்களா?

டிவிஆர் வெளியே போக முடியாததால் அதற்கு நேரம் சொல்ல ஆளில்லை. ரூட்டரில் சிஸ்டம் பக்கத்தில் நேர ஒத்திசைவு என்ற இடத்தில் என்டிபி சர்வராகவும் இரு என்பதற்கு ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். டிவிஆரில் என்டிபி முகவரியாக ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள், நேர வலயம் 5.30 இருக்கிறதா பாருங்கள், பல டிவிஆர்களில் 8.00 என்று வரும். டிவிஆர் வலயத்திலிருந்து ரூட்டருக்கு வருவதையும் அடைத்திருப்பீர்கள், டிஹெச்சிபி-க்கு 67 திறந்திருக்கும், யூடிபி 123-ஐயும் திறக்க வேண்டும்.

சமாதானபுரம் எழுதியது:

123-தான் அடைத்திருந்தது. நேர வலயமும் 8.00. மினி யுபிஎஸ் இன்னும் மேஜை மேல்தான் கிடந்தது, அதையும் இப்போது மாட்டிவிட்டேன். என்டிபி-க்கு எண் முகவரி சேர்த்து, யுபிஎஸ் மாட்டும் முன் மூன்று முறை அணைத்துப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்குள் வயர்கார்டு இணைகிறது.

பூனை ராத்திரி 1.40-க்கு வருகிறது. அப்பா குறித்து வைத்திருக்கிறார்.